கூழ்த் தாங்கல்
(நம் ஊர் வரலாற்றை நாமே எழுதுவது பற்றி ஒரு பாடம்)



சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவியரிடம், “உங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள்” என்று கூறினேன். மறுநாள் ஏடுகள் மேசைமேல் குவிந்தன. “எங்கள் ஊர் அழகிய ஊர். எங்கள் ஊரில் ஏரி உண்டு. கோயில் உண்டு. கம்பெனிகள் பல உண்டு. மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்.” ஊரின் பெயரை மட்டும் மறைத்துவிட்டால், இது மாத்தூரா, வல்லமா, வைப்பூரா, மாம்பாக்கமா என்று எவராலும் கூற இயலாது. எல்லா ஏடுகளுக்கும் சரி என்று குறியிட்டுக்கொண்டே வந்த என் கை, ஓர் ஏட்டில் நின்றது.

அந்த மாணவி எழுதியிருந்தாள்: “இப்போது கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் எங்கள் ஆயா சின்ன வயதில் பனங்கொட்டை புதைத்து வைப்பார்களாம். கிழங்கு தோண்டப் போகும்போது நரி ஊளையிடுமாம். அதனால் நான்கு பேராகத்தான் போவார்களாம். அதே இடத்தில் இப்போது இரவு இரண்டு மணிக்கும் ஆட்கள் ஷிப்டுக்கு நிற்கிறார்கள்.”

பிழைகள் ஆறு இருந்தன. ஆயினும் அன்று வந்த ஏடுகளில் வரலாறு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் பகுதிக்குப் பெரிய வரலாறு இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். படப்பைக்கு அருகிலுள்ள மணிமங்கலத்தில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்றான். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ம் நாள் ஐதர் அலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையைச் சிதறடித்தன. 1991 மே 21-ம் நாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொடுமையை உங்கள் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்காலக் கருவிகளே கிடைத்தன. இவை யாவும் நூல்களில் ஏறிவிட்டன; இனி அழியா. அந்த ஆயாவின் நரி மட்டும் எந்த நூலிலும் இல்லை. அவர் மறைந்தால் அதுவும் மறைந்துவிடும்.

‘ஓர் ஆயாவின் இளமைக் கால நினைவு எப்படி வரலாறு ஆகும்?’ என்று சிலர் கேட்கலாம். இதில் ஆங்கிலேயர் நமக்கு ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் நாட்டில் சின்னஞ்சிறு கிராமத்துக்கும் ஒரு வரலாற்று நூல் இருக்கும். 1086-ல் அரசன் வில்லியம் தன் நாட்டு ஊர்களின் ஏர், ஆலை, ஆள் கணக்கை எல்லாம் எழுதச் செய்தான். 1538 முதல் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். (நம் பங்குக் கோயில்களிலும் அத்தகைய ஏடுகள் உள்ளன, அவை வழிபாட்டுக்கு மட்டும் உரியவை என்று எண்ணாதீர்கள்.) ஆனால் ஏட்டில் இருப்பவை பெயரும் தேதியும்தாமே? அந்தப் பெயருக்குரியவர் எதை உண்டார், எதற்கு அஞ்சினார், எப்படிச் சிரித்தார் என்பது ஏட்டில் இராது.

1948-ல் ஜார்ஜ் எவர்ட் எவன்ஸ் என்ற எழுத்தாளர் சஃபோக் மாவட்டத்திலுள்ள பிளாக்ஸால் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். காரணம், அவருடைய மனைவிக்கு அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது! அண்டை வீட்டு முதியவர்களோடு பேசப் பேச அவருக்கு ஓர் உண்மை விளங்கிற்று. குதிரை பூட்டி உழுததும், கையரிவாளால் அறுத்ததும், வீட்டிலேயே ரொட்டி சுட்டதும் ஆகிய ஒரு முழு உலகம் இந்த முதியவர்களோடு முடியப் போகிறது. அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு எழுதி 1956-ல் நூலாக வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து லாரி லீ என்பவர் தம் ஊரான ஸ்லாட் பள்ளத்தாக்கில் கழிந்த இளமைக் காலத்தை ‘சைடர் வித் ரோஸி’ என்ற நூலாக எழுதினார். குதிரையின் வேகமே பெரிய வேகம் என்றிருந்த ஊருக்குள் மோட்டார் வண்டி நுழைந்து, பழைய வாழ்வு கலைந்துபோனதை அந்நூலில் காணலாம். அந்த ஊருக்கு வந்தது மோட்டார் வண்டி. நம் ஊருக்கு வந்ததோ மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலை! அங்கே ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் இங்கே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது.

நமக்கு ஏடுகள் இல்லையா என்றால், இருக்கின்றன. இது பலர் அறியாத செய்தி; ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1763-ல் ஆர்க்காட்டு நவாபு நம் செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கொடுத்த சீமையில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பிய கம்பெனியார், தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளக்கச் செய்தார்கள். ஏறத்தாழ 2,000 ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் வீடுகள் எத்தனை, எந்தத் தொழில் செய்வோர் எத்தனை குடும்பம், நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, விளைந்தது எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். நம் ஊர்க் கணக்கர்கள் அவற்றைப் பனை ஓலையில் தமிழில் எழுதினார்கள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. காந்தியவாதியான வரலாற்றாசிரியர் தரம்பால் இக்கணக்குகளின் அருமையை உலகறியச் செய்தார்.

அவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது பங்குக் கணக்கு. களத்தில் நெல் குவிந்ததும் அரசுக்கும் உழவனுக்கும் பிரிப்பதற்கு முன்பே அதிலிருந்து இன்னின்னாருக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துவிடுவார்கள். கோயிலுக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, சலவைத் தொழிலாளிக்கு, முடி திருத்துபவருக்கு, காவற்காரருக்கு, கணக்கருக்கு, வெட்டியாருக்கு என ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு! கரையைச் செப்பனிட ஏரியின் பங்கு நெல்லாகவே ஒதுக்கப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபையில் ஏரி வாரியம் இருந்ததைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த எண்ணத்தின் சாயல் எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் நம் களத்துமேடுகளில் இருந்திருக்கிறது.

பர்னார்டின் கணக்கு முடிந்த ஆறே ஆண்டுகளில் ஐதர் அலியின் படையெடுப்பு வந்தது. ஊர்கள் பாழாயின; ஏரிகள் உடைந்து கிடந்தன. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் என்பவர் ஏரிகளைச் செப்பனிட முனைந்தார். வரி வாங்குவதில் அவர் கடுமையானவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏரி நிறைந்தால்தானே வரியும் நிறையும்!

சரி, ஏடுகள் இவ்வளவு இருக்க, ஆயாக்களை ஏன் தேட வேண்டும்? ஏட்டில் இராத காலம் ஒன்று நம் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் நோக்கியா ஆலை தொடங்கி, ஊர் ஊராகப் பெண் பிள்ளைகள் சீருடையணிந்து பஸ் ஏறினார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. உங்களில் சிலருடைய அம்மாக்களுக்கு அந்தத் துயரம் தெரியும். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என அடுத்தடுத்து வந்தன. கம்பெனி வந்த தேதி நமக்குத் தெரிகிறது. அந்தக் கம்பெனியின் மதிற்சுவருக்கு உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதுதான் தெரியவில்லை. சிப்காட்டின் வரைபடத்தில் அந்த இடத்துக்கு மனை எண் இருக்கும். அங்கே மாடு மேய்த்த பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

இனி, கேட்கும் முறை. “ஆயா, நம் ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டால், “எனக்கு இன்னா கண்ணு தெரியும்? நான் படிக்காதவ. வாத்தியார கேளு” என்றுதான் விடை வரும். ஆகவே அவருடைய சின்ன வயதைப் பற்றிக் கேளுங்கள். விடிந்ததும் முதல் வேலை என்ன? தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? மத்தியானம் என்ன சாப்பாடு? எதைக் கண்டு பயம்? மழைக் காலத்தில் எந்த வழி அடைபடும்? எந்த மரத்தடியில் விளையாடினீர்கள்? ஒரு மாணவி இப்படிக் கேட்டு எழுதி வந்ததை அப்படியே தருகிறேன்:

“ஆயா, நீ ஸ்கூலுக்குப் போனியா?”

“ரெண்டாவது வரைக்கும் போனேன்டி. சோறு போட்டாங்க, போனேன். அப்பறம் தம்பி பொறந்தான். அவன தூக்கி வச்சிக்கணும்னு நிறுத்திட்டாங்க.”

“யாரு நிறுத்துனது?”

“யாரு நிறுத்துனா இன்னா? நின்னுட்டேன்.”

இந்த நான்கு வரிகளில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! காமராசர் ஆட்சியில் 1956-ஐ ஒட்டித் தொடங்கிய பள்ளி மதிய உணவு ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து வந்ததும், அந்த உணவாலும் அவளை அங்கே நிறுத்தி வைக்க முடியாமற் போனதும் இதில் உள்ளன. கடைசி விடையை அம்மாணவி முதலில் எழுதாமல் விட்டிருந்தாள். “அது பதில் இல்லையே மிஸ்” என்றாள். நான்தான் எழுதச் சொன்னேன்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதும் ஒரு கலையே. முதியவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். “தனுஷ்கோடி புயல் அடிச்ச வருஷம்” என்பார்கள், அது 1964. “எம்.ஜி.ஆரைச் சுட்ட வருஷம்” என்றால் 1967. “அண்ணா செத்த வருஷம்” என்றால் 1969. சிலர் தமிழ் வருஷப் பெயரைச் சொல்வார்கள். அப்போது விழிப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன பஞ்சம் 1876-ல் தொடங்கியது. பிறகு 1936-ல் ஒரு தாது வந்தது. 1996 ஏப்ரலில் மறுபடி தாது பிறந்தது. அடுத்த மாதமே ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. ‘தாது வருஷத்தில் நிலம் போச்சு’ என்று யாராவது சொன்னால், பஞ்சத்தில் போனதா, கம்பெனிக்குப் போனதா என்று நீங்கள் கேட்டுத் தெளிய வேண்டியிருக்கும்!

நினைவு பொய் சொல்லுமா? வேண்டுமென்று சொல்லாது. ஆனால் தேர்ந்தெடுக்கும். “அப்பல்லாம் ஏரி எப்பவும் ததும்பிக்கிட்டே இருக்கும்” என்று சொல்லாத ஆயா இல்லை. எப்போதுமே ததும்பியிருந்தால் கவலை ஏற்றமும் தண்ணீர்ச் சண்டையும் எதற்கு? குழந்தைப் பருவத்தில் நீந்திய நாள் நினைவில் நிற்கும். வறண்ட நாள் நழுவிவிடும். ஆகவே ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேளுங்கள். பிறகு நேரில் சென்று பாருங்கள். ஏரிக்கரைமேல் முழுதும் நடந்து, மதகு எங்கே, கலங்கல் எங்கே, வரத்துக் கால்வாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள் (தனியே போக வேண்டாம், அப்பாவையோ மாமாவையோ அழைத்துச் செல்லுங்கள்). கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் ‘அ’ பதிவேடும் இருக்கும். 1980-க்கு முன் கர்ணமாக இருந்தவர் குடும்பத்தில் பழைய கணக்கு ஏதேனும் கிடக்கலாம். கால்வாய் பற்றிய நினைவைச் சிறிதாக எண்ணாதீர்கள். நம் ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கி ஓடும். 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அந்த ஏரி 2015 டிசம்பரில் திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரை என்ன பாடுபட்டது என்பதை அறிவீர்கள். அந்த மழையில் நம் பக்கத்துத் தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. “இது தண்ணி போற வழிதான், நான் அப்பவே சொன்னேன்” என்று ஒரு தாத்தா சொல்லக் கேட்டேன். அவர் சொன்னபோது எழுதி வைக்க எவரும் இல்லை.

இங்கே என் சொந்தக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர்தான் என் தாயாரின் ஊர். கோடை விடுமுறையில் அங்கே ஒரு சிறு தாங்கலில் நாங்கள் குளிப்போம். அல்லி பூத்திருக்கும், கரையில் நான்கு பனை. இப்போது அவ்விடத்தில் நீண்ட மதிற்சுவரும் லாரி நிறுத்தும் தரையுமே உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் அத்தாங்கலின் பெயரை எழுத முனைந்தேன், எனக்கு நினைவில்லை. வரலாறு கற்பிப்பவள் நான்! அம்மா இருந்தபோது ஆயிரம் முறை அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். ஒருமுறையேனும் நான் குறித்து வைக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தேன். ‘தாங்கல்’ என்றும் ஒரு புல எண்ணும்தான் இருந்தன.

பிறகு ஊருக்குச் சென்று விசாரித்தேன். ஊர்த் தெருவில் ஒரு பெரியவர், “அது மணியக்காரர் தாங்கல் அம்மா, அவுங்க நிலத்துக்குத்தான் பாய்ஞ்சுது” என்றார். அதோடு திரும்பியிருப்பேன். பேருந்துக்கு நேரம் இருந்ததால் காலனிப் பக்கமும் சென்றேன். எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி வாசலில் முறத்தோடு அமர்ந்திருந்தார். “மணியக்காரர் தாங்கலா? அவுங்க அப்படிச் சொல்லுவாங்க. நாங்க கூழ்த் தாங்கல்னுதான் சொல்லுவோம். நடவுக்குப் போனா அந்தக் கரையிலதான் எங்களுக்குக் கூழ் ஊத்துவாங்க. அங்க குளிக்க எங்களை வுட மாட்டாங்க, கை கழுவிக்கலாம்” என்றார்.

நான் நீந்திய நீர் அது. அவரும் அதே காலத்தில் அதே கரையில் சிறு பெண்ணாக இருந்திருக்கிறார். எனக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

ஆகவே மாணவியரே, உங்கள் தெருவில் மட்டும் கேட்டு எழுதினால் பாதி ஊரைத்தான் எழுதியவர்கள் ஆவீர்கள். நம் மாவட்டத்தில் இது புதிய செய்தியும் அன்று. 1891-லேயே செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர், சேரி மக்கள் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் வாழ்வதை நேரில் கண்டு அரசுக்கு விரிவான அறிக்கை அனுப்பினார். அதன் பின்னரே அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு 1892-ல் ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். உங்கள் ஆயாவோ தாத்தாவோ அச்சொல்லைச் சொன்னால், எந்த இடம், எத்தனை காணி, இப்போது யாரிடம் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது சொன்னவரின் பெயர், வயது, பிறந்த ஊர், கேட்ட நாள் ஆகியவற்றை மேலே குறியுங்கள். அவர் பேசியவாறே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். கைப்பேசியில் பதிவு செய்வதானால் முதலில் அனுமதி கேளுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ‘இதை எழுதாதே’ என்று அவர் சொன்னால் அதை அடித்துவிடுங்கள்.

இந்த ஆண்டு இருபத்தாறு மாணவியர் ஏடு தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஒடிசாவிலிருந்து வந்தவள். தந்தையார் வல்லத்தில் வேலை செய்கிறார். “எனக்கு இங்கே ஆயா இல்லையே மிஸ், நான் என்ன எழுதுவது?” என்று கேட்டாள். அவளுடைய பாட்டி கஞ்சம் மாவட்டத்தில் இருக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போது இரண்டு கேள்வி வீதம் கேட்டு, பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாள். அவர்கள் ஊரிலும் ஓர் ஏரி, ஒரு புயல், பாதியில் நின்றுபோன ஒரு படிப்பு. அவளுடைய ஏட்டிலிருந்து சில வரிகளை இவ்விதழில் சேர்க்க விரும்பினேன். ஒடிய எழுத்தில் இருப்பதால் என்னால் படிக்க இயலவில்லை. வரும் சனிக்கிழமை அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்து படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.